இரண்டு கண் ஆந்தை

துணியை உருவியதும் உள்ளே இருந்தது குப்பைக்கூடை.

நீலப் பிளாஸ்டிக் கூடை, கவிழ்த்து வைத்தது. முதல் பரிசு வாங்க இரண்டு கைகளையும் நீட்டியிருந்த பெண் அவற்றை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நின்றாள். துணியை உருவிய சிறப்பு விருந்தினர் கூடையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், இதுவும் நிகழ்ச்சியில் ஒரு வேடிக்கை போலிருக்கிறது என்று நினைத்துக் கை தட்டினார். அவரைப் பார்த்து நான்கைந்து பேர் தட்டினார்கள். அப்புறம்தான் அரங்கத்தில் சிரிப்பு கிளம்பியது. கிளம்பிய சிரிப்பு சீக்கிரம் அடங்கவில்லை.

சிரிக்காதவர்களும் இருந்தார்கள். மேடை ஓரத்தில் சைக்கிள் சங்கத்தின் செயலாளர் அம்மாள் முகம் வெளிறி நின்றார். தள்ளுவண்டியைக் கொண்டுவந்த இளைஞன் அதன் பிடியை விடாமல் பற்றிக்கொண்டிருந்தான், விட்டால் தானே விழுந்துவிடுவான் போல. அரங்கத்தின் பின்னால், கேமராத் திரைகள் வரிசையாக இருந்த சின்ன அறையில், அவனுடைய அக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

அந்த அக்காவை இந்தத் தொழிலில் எல்லோரும் ஸ்டாப்வாட்ச் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கம்பெனி விழாவுக்குப் பணம் கொடுப்பது தர்மத்துக்கு இல்லை, தன் அடையாளம் நாலு பேர் கண்ணில் பட வேண்டும் என்பதற்கு. பட்டதா, முழுசாகப் பட்டதா, யாருடைய தலையாவது மறைத்ததா, எவ்வளவு நேரம் தெரிந்தது என்று திரையைப் பார்த்து அளந்து சொல்ல ஒரு ஆள் வேண்டும். அதுதான் அவள் வேலை. பந்தயத்தில் யார் ஜெயித்தது என்று கேட்டால் முழிப்பாள். ஜெயித்தவள் முதுகில் எந்தக் கம்பெனி என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வாள்.

இந்தப் பெண்கள் சைக்கிள் பந்தயத்தை இந்த வருடம் எடுத்து நடத்தியது ஒரு மெத்தைக் கம்பெனி. அதன் அடையாளம் ஆந்தை. ராத்திரியெல்லாம் விழித்திருக்கிற பறவையை மெத்தைக்கு அடையாளமாக வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. மேடையில் ஆந்தை, வாசலில் ஆந்தை, முன்வரிசை நாற்காலிகளின் சாய்மானத்தில் ஆந்தை, கோப்பையை மூடியிருந்த வெல்வெட் துணியிலும் ஒரு பெரிய ஆந்தை.

கோப்பையைத்தான் காணோம்.

*

மணி நாலரை. அரங்கத்தின் வாசல் கதவுகளை மூடச் சொல்லிவிட்டார் செயலாளர். சிறப்பு விருந்தினர் மட்டும் விமானத்தைப் பிடிக்க வெறுங்கையோடு ஓடிப்போனார். மற்றவர்களின் பைகள், வண்டிகள், மேடையின் அடிப்பகுதி, ஒப்பனை அறை, கழிப்பறை, மாடிப்படி, எல்லாவற்றையும் சங்கத்தின் ஆட்கள் துழாவிவிட்டார்கள். கைக்குழந்தை அளவுக்குக் கனமான வெள்ளிக் கோப்பை அது. சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போகிற சாமான் இல்லை.

ஸ்டாப்வாட்ச் மேடைக்குப் பின்னால் இருந்த வராந்தாவுக்கு வந்தபோது, தம்பி சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். செயலாளர் அவன் எதிரில். செயலாளர் இளம் வயதில் இதே பந்தயத்தில் ஓட்டியவர். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார், பேச்சும் அதே போல ஒட்ட வெட்டின பேச்சு.

"ஒத்திகை முடிஞ்சதும் கோப்பை எங்க இருந்தது?"

"இங்கதான் மேடம். வண்டி மேல, துணி மூடி. மேடைக் கதவுக்குப் பக்கத்துல."

"யார் காவல்?"

"நான்தான்."

"வேற யாரும் இல்லையா?"

"இல்ல மேடம்."

"நடுவுல எங்கயாவது போனியா?"

"ஒரே ஒரு தடவை. வாசல்ல பேனர் சுருங்கியிருக்கு, போய் இழுத்துக் கட்டுன்னு சார் சொன்னார். அப்பவும் சும்மா விட்டுட்டுப் போகல. நான் வர்ற வரைக்கும் சாரே இங்க நின்னார்."

சார் என்றது மெத்தைக் கம்பெனியின் மார்க்கெட்டிங் மேனேஜரை. முதுகுக்குப் பின்னால் அவருக்கு ஆந்தைக்காரர் என்று பெயர். கோட்டில் ஆந்தை குத்தியிருந்தார், கழுத்துப்பட்டையில் குட்டிக் குட்டி ஆந்தைகள் பறந்தன. அவர் தலையசைத்தார்.

"ஆமா, நின்னேன். இவர் திரும்பி வந்தப்ப வண்டியை ஒப்படைச்சிட்டுத்தான் போனேன்."

"திரும்பி வந்தப்ப துணிக்குள்ள கோப்பை இருந்ததா?" செயலாளர் தம்பியிடம் கேட்டார்.

"இருந்த மாதிரிதான் இருந்தது மேடம். துணியைத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. நான் தொடல."

"தள்ளும்போது கனம் குறைஞ்சது தெரியலையா?"

"வண்டியே முழுக்க இரும்பு மேடம். பேட்டரி, விளக்கு எல்லாம் அதுக்குள்ள இருக்கு. கோப்பை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, ஒரே கனம்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தை தன்னையே எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஆக மொத்தம், சார் நின்ன நேரம் தவிர முழுக்க உன் கையிலதான் இருந்திருக்கு" என்றார் செயலாளர். "போலீசைக் கூப்பிட வேண்டியதுதான்."

"போலீஸ் எதுக்கு மேடம்?" ஆந்தைக்காரர் குறுக்கே வந்தார். "நாளைக்குப் பேப்பர்ல கோப்பையோட எங்க பேரும் சேர்ந்து நாறும். விடுங்க. கம்பெனியே புதுக் கோப்பை செஞ்சு தரும், இதைவிடப் பெரிசா. இந்தத் தம்பியை மட்டும் இனிமே எந்த நிகழ்ச்சிக்கும் யாரும் சேர்க்காமப் பார்த்துக்கலாம். எங்களுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிவிட்டாப் போதும்."

பெரிய மனசோடு சொல்வது போலத்தான் சொன்னார். ஸ்டாப்வாட்ச் தம்பியைப் பார்த்தாள். தம்பி சொந்தமாக விழா நடத்தும் கம்பெனி தொடங்கி, அவனை நம்பி ஒருவர் கொடுத்த முதல் பெரிய வேலை இது. போலீஸ் விசாரித்து விட்டுவிடலாம். ஆனால் இந்தத் தொழிலில் வாய்வார்த்தையாகப் போகிற அந்த 'ஒரு வார்த்தை' இருக்கிறதே, அதற்கு ஜாமீனும் கிடையாது, விடுதலையும் கிடையாது.

"அக்கா" என்றான் தம்பி. "நீ பார்த்துட்டுத்தானே இருந்தே? கோப்பை வண்டி அரங்கத்தைச் சுத்தி வந்த ஊர்வலம் முழுக்க என்னைத்தானே பார்த்துட்டிருந்தே?"

"பார்த்துட்டுத்தான் இருந்தேன்" என்றாள். அது பாதி உண்மை என்று அவளுக்கே தெரிந்தது.

*

பழைய கோப்பைக்குப் பழைய சொந்தக்காரர்கள் உண்டு. போன வருடம் வரை பந்தயத்தை நடத்தியது ஒரு பிஸ்கட் கம்பெனி. அதன் பெயர் கோப்பையின் அடிப்பட்டையிலேயே செதுக்கியிருந்தது. ஆந்தைக்காரர் அதைப் பார்த்ததும் கறுப்பு டேப் சுற்றச் சொல்லிவிட்டார். பெயருக்குக் கீழே வருடாவருடம் ஜெயித்த பெண்களின் பெயர்களும் இருந்தன. டேப் அகலமானது, எல்லாம் சேர்ந்தே மறைந்துபோயின.

இது இந்தத் தொழிலின் சட்டம். ஒருவர் பணம் கொடுத்த இடத்தில் இன்னொருவர் பெயர் தெரியக்கூடாது. காலையில் ஆந்தைக்காரர் அரங்கம் முழுக்கச் சுற்றி வந்து, மின்விசிறியில் இருந்த பெயரை மறைத்தார், ஒலிபெருக்கியில் இருந்ததை மறைத்தார், காவலாளியின் தண்ணீர்ப் பாட்டிலில் இருந்த காகிதத்தைக் கிழித்தார். வராந்தாவில் கேன்டீன்காரரின் குளிர்பானப் பெட்டி ஒன்று, கண்ணாடிக் கதவோடு, ஆள் உயரத்துக்குச் சிவப்பாக நின்றது. நகர்த்த முடியாது என்றதும் தலையிலிருந்து கால் வரை கறுப்புத் துணியால் போர்த்தி டேப் போட்டுவிட்டார். கடைசியில் ஸ்டாப்வாட்சின் பேனாவைக் கூட விடவில்லை. "அந்தப் பேரைத் திருப்பி வைங்கம்மா" என்றார்.

அவரையே திணறடித்தது ஒன்றே ஒன்று. ஒத்திகையில் கோப்பையைத் துணி மூடி வண்டியில் ஏற்றி அரங்கத்தைச் சுற்றி வந்தபோது, ஆந்தைக்கு ஒரு கண் இல்லை.

அந்தக் கோப்பைக்கு மூன்று கைப்பிடி. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது வந்த மூவரும் சேர்ந்து தூக்க வேண்டும் என்று ஆரம்பித்தவர்கள் அப்படிச் செய்யச் சொன்னார்களாம். எண்ணம் நல்ல எண்ணம்தான், ஆனால் துணி போர்த்தினால் எப்படித் திருப்பினாலும் ஏதாவது ஒரு கைப்பிடி முட்டிக்கொண்டு வந்து துணியை இழுத்தது. இழுத்த இடத்தில் மடிப்பு விழுந்தது. மடிப்புக்குள் ஆந்தையின் வலது கண் போய்விட்டது. திரையில் பார்த்தால் ஆந்தை கண்ணடிப்பது போல இருந்தது.

"மேடம், அந்தக் கைப்பிடியைக் கழட்ட முடியாதா?" என்று ஆந்தைக்காரர் கேட்டது ஸ்டாப்வாட்சின் காதிலேயே விழுந்தது.

"உங்க கையைக் கழட்ட முடியுமா சார்?" என்றார் செயலாளர்.

அதோடு அந்தப் பேச்சு நின்றது. கம்பெனி மேலிடத்தில் பெரியவர் டிவியில் நேரடியாகப் பார்க்கப்போகிறார் என்று ஆந்தைக்காரர் பாவம் யார் யாரிடமோ புலம்பிக்கொண்டே போனார்.

*

பிஸ்கட் கம்பெனியின் ஆள் ஒருவர் விழாவுக்கு வந்திருந்தார். பெரிய பைகள் இரண்டைத் தூக்கிக்கொண்டு மதியம் வராந்தாவில் நடமாடியதைக் காவலாளி பார்த்திருந்தான். செயலாளர் அவரையும் கூப்பிட்டார். வழுக்கை, தொப்பை, இளகின முகம்.

"பையில என்ன?"

"பிஸ்கட் மேடம். பொண்ணுங்களுக்கு."

"பேர் இல்லாத டப்பாவுல?"

"பேரோட கொண்டுவந்தா ஆந்தைக்காரர் என்னையும் சேர்த்துக் கறுப்புத் துணி போட்டு மூடிடுவார் மேடம்."

அத்தனை நெருக்கடியிலும் செயலாளரின் உதடு ஒரு பக்கம் துடித்தது.

"வராந்தாவுக்கு எதுக்கு வந்தீங்க?"

"கோப்பையை ஒரு தடவை பார்க்கலாம்னு. இத்தனை வருஷமா நான்தான் துடைச்சுக் கொண்டுவந்து குடுப்பேன். எங்க கம்பெனி விட்டுடுச்சு, அதுக்காக எனக்கு மனசு விட்டுடுமா? வந்தேன். சார் நின்னுட்டிருந்தார், தம்பி இல்ல. என்னைப் பார்த்ததும் வெளி ஆளுங்களுக்கு இங்க இடமில்ல, போங்கன்னு விரட்டினார். போயிட்டேன்."

"போட்டிக் கம்பெனி ஆள் கோப்பை பக்கத்துல நிக்கலாமா? அதான் விரட்டினேன்" என்றார் ஆந்தைக்காரர்.

ஆந்தைக்காரர் அப்படிச் செய்யக்கூடியவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். பிஸ்கட்தான்.

"அப்போ வேற வழியில்ல" என்று செயலாளர் போனை எடுத்தார்.

"மேடம்" என்றாள் ஸ்டாப்வாட்ச். "கொஞ்ச நேரம் குடுங்க. நான் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டு வர்றேன்."

"இவர் உங்க தம்பின்னு சொன்னாங்களே?"

"தம்பிதான் மேடம். அதனாலதான் ஓடி வந்தேன். ஆனா அளவுல இதுவரைக்கும் நான் யாருக்காகவும் கூட்டியும் சொன்னதில்ல, குறைச்சும் சொன்னதில்ல."

செயலாளர் அவளை மேலும் கீழும் பார்த்தார். போனைக் கீழே வைத்தார்.

*

அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். திரையில் ஊர்வலத்தை மறுபடி ஓட்டினாள். மனிதர்களைப் பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்தாள், ஆனால் பழகின கண் பழகின இடத்துக்கே போயிற்று. வண்டி வந்தது. துணி வந்தது. ஆந்தை வந்தது.

இரண்டு கண்ணும் தெரிந்தன.

மதியம் நேரலையில் பார்க்கும்போதே அவள் இதைக் கவனித்திருந்தாள். பரவாயில்லையே, தம்பி எப்படியோ துணியைச் சரி செய்துவிட்டான், கெட்டிக்காரன்தான் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டு, 'முழு அடையாளம்' என்று பொத்தானை அழுத்தினாள். ஆனால் துணியைத் தொடவில்லை என்று அவனே இப்போது சொன்னான்.

படத்தை நிறுத்தினாள். துணி ஒரு சுருக்கம் இல்லாமல், தூணுக்கு உறை போட்டது போல வழவழவென்று விழுந்திருந்தது. உள்ளே கைப்பிடி இல்லை. மேடைக்குப் போகும் வழியிலோ மேடையிலோ கோப்பை மாறவில்லை. அரங்கத்துக்குள் நுழையும்போதே உள்ளே இருந்தது குப்பைக்கூடைதான்.

இது தம்பியைக் காப்பாற்றுகிற விஷயம் இல்லை. வராந்தாவில் அதிக நேரம் கோப்பையோடு இருந்தவன் அவன். இதைச் சொன்னால் அவன் கழுத்துக் கயிறு இன்னும் கொஞ்சம் இறுகும், அவ்வளவுதான். அவனைச் சின்ன வயதில் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் அவள். அவன் எடுத்திருப்பானா என்ற கேள்வியை ஒரு கணம், ஒரே ஒரு கணம், மனசுக்குள் விட்டுப் பார்த்தாள். விட்டதற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது.

மேலே ஓட்டினாள்.

வண்டி அரங்கத்தைச் சுற்றி முடித்து வராந்தாவுக்குத் திரும்ப வேண்டும். அங்கே நின்று, பேச்சுகளெல்லாம் முடிந்த பிறகு மேடைக்கு வர வேண்டும். அதுதான் நிகழ்ச்சி நிரல். ஆனால் சிறப்பு விருந்தினருக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது. பேச்சு வேண்டாம், முதலில் பரிசு என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வண்டி வராந்தாப் பக்கம் போகாமல் நேராக மேடைக்குத் திரும்பியது. அந்த இடத்தில் அவளுடைய அளவில் ஒரு சின்னப் பதிவு இருந்தது. 'முன்வரிசை நாற்காலி ஆந்தை, ஒரு நொடி.'

நாற்காலிச் சாய்மானத்தில் இருக்கிற ஆந்தை எப்போது தெரியும்? உட்கார்ந்திருப்பவர் எழுந்தால் தெரியும்.

அந்த நொடியை மூன்று தடவை ஓட்டினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். அன்றைக்கு மதியம் தன் காதில் விழுந்த ஒரு சொல் ஞாபகத்துக்கு வந்தது. அப்போது அது வெறும் நல்ல சுபாவமாகத் தெரிந்தது. ஆனால் அந்த மனிதருக்கும் நல்ல சுபாவத்துக்கும் காலையிலிருந்து பேச்சுவார்த்தையே இல்லையே!

எழுந்து கதவுக் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். இவளுடைய கம்பெனிக்கு மெத்தைக் கம்பெனி பெரிய வாடிக்கை. அவர் ஒரு போன் போட்டால் நாளைக்கு இவளுக்கு வேலை இருக்காது. பயமாகத்தான் இருந்தது. கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

*

வராந்தாவில் நால்வரும் அப்படியே இருந்தார்கள். தம்பி மட்டும் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என்ன தெரிஞ்சது?" என்றார் செயலாளர்.

"மேடம், சாருக்கிட்ட ரெண்டு மூணு கேள்வி கேக்கலாமா?"

"என்கிட்டயா? கேளுங்க" என்றார் ஆந்தைக்காரர்.

"காலையில ஒத்தைக்கண் ஆந்தைன்னு அவ்வளவு வருத்தப்பட்டீங்க. ஊர்வலத்துல ரெண்டு கண்ணும் தெரிஞ்சதே, பார்த்தீங்களா சார்?"

"பார்த்தேன். நல்லா இருந்தது."

"எப்படிச் சரியாச்சுன்னு கேட்டீங்களா?"

"இல்ல... துணியை யாராவது நேராக்கியிருப்பாங்க."

"கைப்பிடி மூணு இருக்கற வரைக்கும் அந்தத் துணி நேராகாது சார். நீங்களே எப்படியெல்லாமோ திருப்பிப் பார்த்தீங்க. உள்ள இருந்தது கூடைன்னாத்தான் ஆந்தைக்கு ரெண்டு கண்ணு." செயலாளரிடம் திரும்பினாள். "ஊர்வலம் கிளம்பறதுக்கு முன்னாடியே கோப்பை மாறிப்போச்சு மேடம். அதுவரைக்கும் இங்க காவல் இருந்தது ரெண்டே பேர். ஒண்ணு என் தம்பி."

"இன்னொண்ணு நான்னு சொல்ல வர்றீங்களா?" ஆந்தைக்காரர் சிரிக்கப் பார்த்தார். "என் விழாவை நானே கெடுத்துக்குவேனா?"

"கெடுக்க நினைக்கல சார். அதான் எனக்கும் முதல்ல புரியல. சரி, இதைச் சொல்லுங்க. வண்டி வராந்தாவுக்குப் போகாம மேடைப் பக்கம் திரும்பினப்போ, நீங்க ஏன் எழுந்தீங்க?"

"எழுந்தேனா?"

"முன்வரிசையில உங்க நாற்காலி ஆந்தை ஒரு நொடி தெரிஞ்சுது. மத்த யாரும் அசையல. அப்போ துணியை இன்னும் எடுக்கவே இல்ல. உள்ள கோப்பை இல்லன்னு யாருக்கும் தெரியாது. பதற ஒரு காரணமும் இல்ல. அது மேடைக்குப் போகக்கூடாதுன்னு தெரிஞ்ச ஒரே ஆள்தான் அந்த நேரத்துல எழுந்திருப்பாரு."

ஆந்தைக்காரர் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். "எழுந்திருக்கறது ஒரு குத்தமா? இதெல்லாம் ஒரு சாட்சியா மேடம்? கோப்பை எங்கன்னு சொல்லச் சொல்லுங்க பார்க்கலாம்!"

"சொல்றேன் சார். ஊர்வலம் இங்கருந்து அரங்கத்துக்குள்ள நுழைஞ்சப்போ பின்னாடி இருந்த கேமராவுல இந்த வராந்தா தெரிஞ்சுது. இந்தப் பெட்டியோட ஓரத்துல துணி விலகி, சிவப்பு எட்டிப் பார்த்துச்சு. காலையில தலையிலருந்து கால் வரைக்கும் நீங்களே பார்த்துப் பார்த்து மூடின பெட்டி. நான் உடனே உங்களுக்குப் போன்ல சொன்னேன். என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

ஆந்தைக்காரர் கோட்டில் குத்தியிருந்த ஆந்தையைத் திருகினார்.

"'பரவாயில்ல, விடுங்க'ன்னு சொன்னீங்க. என் பேனாவைக்கூடத் திருப்பி வைக்கச் சொன்னவர். காவலாளியோட தண்ணிப் பாட்டிலை விடாதவர். ஆள் உயரப் பெட்டியில இன்னொரு கம்பெனிச் சிவப்பு டிவியில தெரியுதுன்னா, விடுங்கன்னு சொல்லுவீங்களா? யாராவது ஓடி வந்து துணியைச் சரி பண்ணப்போறேன்னு பெட்டியைத் தொட்டுடக் கூடாது. அதுக்காகத்தான் விட்டீங்க."

எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். இவ்வளவு நேரமும் அவர்கள் சாய்ந்தும், கை ஊன்றியும், ஒருவர் கைப்பையை அதன் காலடியில் வைத்தும் நின்றிருந்த பெட்டி. தேடியவர்கள் கழிப்பறைத் தொட்டி வரை கையை விட்டார்கள், இதைத் தொடவில்லை. மூடி வைத்தது என்றால் அது அங்கே இல்லை என்று காலையிலிருந்து எல்லோரும் ஒப்புக்கொண்டாகிவிட்டது. இந்த வேலையில் ஊறினவர்களுக்கு அது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை விடப் பெரிய ஒப்பந்தம். ஸ்டாப்வாட்சும்தான் அதில் அடக்கம்.

பிஸ்கட்காரர்தான் முதலில் போனார். டேப்பைப் பிய்த்தார், துணியை விலக்கினார், கண்ணாடிக் கதவை இழுத்தார். கழுவுவதற்காகத் தட்டுகளையெல்லாம் கழற்றிவிட்டிருந்தார்கள். வெறும் பெட்டிக்குள், மூன்று கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு, கோப்பை நின்றது.

செயலாளர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"திருடணும்னு எடுக்கல மேடம்" என்றார் ஆந்தைக்காரர். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஊர்வலம் சுத்தி வர்ற வரைக்கும்தான். பெரியவர் டிவியில பார்த்துட்டிருந்தார். ஒத்தைக்கண்ணோட போனா, அத்தனை பேர் முன்னாடி மானத்தை வாங்கிடுவார். வண்டி இங்க திரும்பி வந்ததும், இவரை ஏதாவது சொல்லி அனுப்பிட்டு, மாத்தி வெச்சுடலாம்னு நினைச்சேன். திரும்பியே வரல."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"எல்லாரும் சிரிச்சுட்டாங்க மேடம்." அவர் கண் கலங்கியது. "அவ்வளவு சிரிப்புக்கு நடுவுல நான்தான்னு சொல்ல வாய் வரல."

ஸ்டாப்வாட்சுக்கு அவர் மேல் ஒரு நொடி இரக்கம் கூட வந்தது. ஒரு கண்ணுக்காக இந்தப் பாடா என்று தோன்றியது. அந்த ஒரு கண்ணைத்தான் தானும் அளந்துகொண்டிருந்தோம் என்றும் தோன்றியது. ஆனால் தரையில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்ததும் அந்த இரக்கம் போன இடம் தெரியவில்லை.

"சிரிப்புக்குப் பயந்தீங்க, சரி சார். என் தம்பியை இனிமே எங்கயும் சேர்க்க வேண்டாம்னு சொன்னப்போ இங்க யாரும் சிரிக்கல. அப்போ வாய் நல்லாத்தானே வந்தது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கழுத்துப்பட்டையில் அத்தனை ஆந்தைகளும் கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தன.

செயலாளர் தம்பியின் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். "மன்னிச்சுக்கோப்பா. அடுத்த வருஷமும் நீதான் நடத்தற. யார் பணம் குடுத்தாலும் சரி, நடத்தறது நீ. இதை நானே மேடையில போய்ச் சொல்றேன்."

*

மறுபடியும் கூட்டத்தை உட்கார வைத்தார்கள். இந்தத் தடவை துணி கிடையாது. செயலாளர் மேடையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார், தம்பி பக்கம் கையைக் காட்டி அடுத்த வருடத்தையும் சொன்னார். பிறகு கோப்பையைக் கையிலெடுத்து, அடிப்பட்டையில் சுற்றியிருந்த கறுப்பு டேப்பை நகத்தால் நெம்பி, ஒரே இழுப்பில் உரித்துப் போட்டார். பிஸ்கட் கம்பெனியின் பெயர் வெளியே வந்தது. அதற்குக் கீழே ஜெயித்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். மேலிருந்து நாலாவது வரியில் செயலாளரின் விரல் கொஞ்சம் நின்றுவிட்டு நகர்ந்தது. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது வந்த பெண்கள் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார்கள். ஆந்தைக்காரர் முன்வரிசைக்கு வரவில்லை. அவருடைய காலி நாற்காலியில் ஆந்தை முழுசாகத் தெரிந்துகொண்டே இருந்தது.

அறையில் ஸ்டாப்வாட்ச் அதை அளக்கவில்லை. ஊர்வலத்தை முதலிலிருந்து மறுபடி ஓட்டினாள்.

காலையில் தம்பி சொல்லியிருந்தான். "அக்கா, வண்டியைத் தள்ளிட்டு வரும்போது உன் கேமராவுக்கு நேரா ஒரு தடவை பார்ப்பேன். உனக்காகத்தான். பாரு." சரிடா, பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். மதியம் நேரலையில் பார்த்தாள், அப்புறம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். அத்தனை தடவையிலும் அவள் கண்ணுக்கு ஆந்தைதான் பட்டது.

இப்போது வண்டி வந்தது. ஆந்தையை விட்டுவிட்டுக் கண்ணை மேலே தூக்கினாள். புதுச்சட்டை. படிய வாரின தலை. பெருமையை மறைக்கத் தெரியாத முகம். கேமராவுக்கு நேராக வந்ததும் நிமிர்ந்து பார்த்து, வண்டிப் பிடியிலிருந்து இரண்டு விரலை மட்டும் தூக்கி ஆட்டினான்.

திரையைப் பார்த்து அவளும் கையை ஆட்டினாள்.